பால்குடியும் அடுத்த பிள்ளையும்

“பால் குடுக்கிற வரைக்கும் வயித்தில தங்காது” என்பது எங்கள் ஊர் உம்மாமாரின் பழைய நம்பிக்கை. அதை நம்பியிருந்த என் தங்கச்சி, மகனுக்கு ஒன்பது மாதத்தில் மறுபடி கர்ப்பமானாள்.

அந்த நம்பிக்கை பாதி உண்மை. பிள்ளை அடிக்கடி உறிஞ்சிக் குடிக்கும்போது தாயின் சினைமுட்டை வெளிவருவது தடைப்படுகிறது. ஆனால் மூன்று நிபந்தனைகள்: பிள்ளைக்கு 6 மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கே கரு தங்கும். ஒன்று தவறினாலும் வேறு வழி வேண்டும். ‘மாதவிடாய் வரட்டும், பார்ப்போம்’ என்றிருக்கவும் ஏலாது. அதற்கு முன்பே முட்டை வெளிவரலாம்.

சூரா அல்பகரா சொல்லும் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டலுக்கானவை; கர்ப்பத்தடைக்கான தவணையல்ல. ஸஹாபாக்கள் அஸ்ல் செய்ததை ஹதீஸ்களில் காண்கிறோம். ஆயினும் வழமையான பாவனையில் அது ஆண்டுக்கு 100 பேரில் சுமார் 20 பேருக்குத் தவறுகிறது. ஆணுறை சுமார் 13 பேருக்கு, லூப் ஒருவருக்கும் குறைவாக. பாலியல் நோய்களையும் தடுப்பது ஆணுறை மட்டுமே.

நாலாம் மாத ஊசிக்குக் கிளினிக் போகும்போதே மிட்வைப்பிடம் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.