மூணு மணி அலாரம்

ராத்திரி மூணு மணிக்கு என் ஃபோன் அலறியது. மகனின் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் 3.1 என்று காட்டியது. கனடா கணக்கில் 4-க்குக் கீழே போனாலே ஆபத்துதான். அவனை எழுப்பி உட்காரவைத்து, பாதித் தூக்கத்திலேயே ஆப்பிள் ஜூஸ் குடிக்க வைத்தேன். இனி 15 நிமிஷம் கழித்துத்தான் மறுபடி பார்க்கணும். கம்ப்யூட்டர் படித்த எனக்கு உயிரியல் புரிய ஆரம்பித்ததே இப்படிப்பட்ட 15 நிமிஷங்களில்தான்.

அவனுக்கு எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. "ஸ்வீட் நிறைய குடுத்தீங்களா?" என்று ஊரிலிருந்து பேசியவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிட்டன.

அந்தச் செல்லின் வேலையைப் படித்து அசந்துபோனேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள்ளும் போகிறது. அங்கே அது எரிந்து ஏடிபி கூடுகிறது. உடனே செல்லின் சவ்வில் இருக்கும் பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்ள, கால்சியம் வாசல் திறக்கிறது. தயாராக இருக்கும் இன்சுலின் பொட்டலங்கள் வெளியே கொட்டுகின்றன. இன்சுலின் ரத்தத்தோடு போய், தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டி, சேதியை வாசலிலேயே சொல்லிவிடுகிறது. உள்ளே இருக்கும் கிளுட்-4 என்ற கதவுகள் மேலே வருகின்றன. அவை வழியாகக் குளுக்கோஸ் உள்ளே போகிறது.

"அப்போ கதவெல்லாம் நல்லாத்தானே இருக்கு, சொல்றதுக்குத்தான் ஆள் இல்லையா அப்பா?" என்றான் மகன். அதேதான். அதனால்தான் வெளியிலிருந்து கொடுக்கும் இன்சுலின் வேலை செய்கிறது. 1922 ஜனவரியில், நாங்கள் இருக்கும் இதே டொரான்டோவில், 14 வயது லியனார்ட் தாம்சனுக்கு முதன்முதலில் போட்டார்கள். முதல் ஊசி சரிவரவில்லை. மருந்தைச் சுத்தப்படுத்தி, 12 நாள் கழித்துப் போட்டது பலித்தது. அந்த மருத்துவமனைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பையன் நினைவு வரும்.

சரி, அன்றைக்கு ஏன் இறங்கியது? சாயங்காலம் ஃபுட்பால். ஓடும் தசை, இன்சுலின் சொல்லாமலே கதவுகளை மேலே கொண்டுவந்துவிடும். ஆட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்தும், செலவான சேமிப்பை நிரப்பக் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நமக்கு இப்படி இறங்கினால் பீட்டா செல்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும். பக்கத்து வீட்டு ஆல்ஃபா செல்களுக்கு அந்த மௌனமும் ஒரு சேதி. அவை குளுக்ககானை அனுப்ப, கல்லீரல் சேமித்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடும். என் மகனின் ஆல்ஃபா செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் பம்ப்பிலிருந்து வந்த இன்சுலின் சட்டென்று நிற்காது, அந்த மௌனமும் அவற்றுக்குக் கேட்காது. டைப் 1 வந்த சில வருஷங்களில் குளுக்ககான் சரியாக வராமல் போவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு சர்வர் பேசாமல் போனால் உடனே கவனிக்கிற புரோகிராம்களைத்தான் நான் ஆபீஸில் எழுதுகிறேன். வீட்டில் அந்த வேலை என் தலையணைக்கு அடியில் இருக்கும் ஃபோனுக்கு.

இப்போதெல்லாம் டாக்டர் சொன்னபடி, விளையாடிய நாளில் ராத்திரி இன்சுலினைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறோம்.

அன்றைக்கு 15 நிமிஷம் ஆன பிறகும் சென்சார் 3.4 என்றே காட்டியது. அது பார்ப்பது செல்களுக்கு இடையிலுள்ள நீரை. ரத்தத்தைவிடச் சில நிமிஷம் பின்தங்கித்தான் வரும். விரலில் குத்திப் பார்த்தேன், 4.6. அவன் ஸ்ட்ராவைக் கடித்தபடியே தூங்கிப்போயிருந்தான்.