அப்பம், கடன், சோதனை

புதிய ஏற்பாட்டின் 'பெய்ராஸ்மோஸ்' என்னும் கிரேக்கச் சொல் பாவத் தூண்டுதலையும் விசுவாசப் பரீட்சையையும் ஒருங்கே குறிக்கும். நம் 'சோதனை'யும் அவ்வாறே. எனினும் நம் அருளுரைகளில் அது பெரும்பாலும் தனிமனித இச்சையாகச் சுருங்கிவிடுகிறது. யாக்கோபு 1:14 மட்டுமே நமக்கு நினைவிற்கு வருகிறது போலும்!

ஜவ்வாது மலையில் இவ்விளக்கம் போதாது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேரில் இம்மலையைச் சார்ந்தோரும் இருந்தனர். செம்மரம் வெட்டினர் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். வானம் பார்த்த நிலத்தில் சாமை விளைவித்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடியினரிடம் தரகன் முன்பணத்தோடு வருகிறான்.

வனாந்தரத்திலும் சோதனைக்காரன் பசி உண்டான பின்னரே கற்களைக் காட்டினான் (மத்தேயு 4:2, 3). பசித்திருந்தும் ஆண்டவர் மறுத்தார். ஆகவே பசித்தோர்க்குப் பொறுப்பே இல்லை என்று நாம் கூறோம். ஆயினும் அவர் கற்பித்த ஜெபத்தின் வரிசையைக் கவனிப்போம்: முதலில் அப்பம், அடுத்துக் கடன், அதன்பின் சோதனை (மத்தேயு 6:11-13). மூன்றும் 'எங்கள்' எனப் பன்மையிலேயே வேண்டப்படுகின்றன. 'கடன்' என்பதை உவமையாகவே கொள்ளுதல் நமக்குப் பழக்கம். முன்பணம் வாங்கியவனுக்கோ அது உவமையன்று. அவனோடு ஜெபிக்கும் போதகர், அவன் தரகனுக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.