3டி6: பகடை உருட்டும் நிரல்

1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அந்த வகை விளையாட்டுக்காரர்களிடையே வேரூன்றிய குறியீடுதான் 3டி6+2. 'டி' என்பது டைஸ், அதாவது பகடை. ஆறுமுகப் பகடையை மூன்று முறை உருட்டிக் கூட்டு, பிறகு 2 சேர் என்று பொருள். இதைப் படித்து விடை சொல்லும் லைப்ரரிகள் பல கணினி மொழிகளில் உண்டு.

3-க்கும் 18-க்கும் இடையே ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து 2 கூட்டினால் போதாதா? போதாது. மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 10 வர 27 வழிகள். 18 வர ஒரே வழி. எனவே ஒவ்வொன்றையும் தனியாக உருட்டியே கூட்டவேண்டும்.

சூட்சுமம் அந்த ஒற்றைப் பகடையில் இருக்கிறது. கணினி 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தருவதாக வைத்துக்கொள்வோம். 6-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டினால் பகடை முகம் கிடைத்துவிடும். ஆனால் 256, ஆறால் மீதியின்றி வகுபடாது. 1 முதல் 4 வரை தலா 43 வாய்ப்பு. 5-க்கும் 6-க்கும் தலா 42. சகுனியின் பகடைதான்! 252-ம் அதற்கு மேலும் வந்தால் தள்ளிவிட்டு மறுபடி எடுத்தால் ஆறு முகமும் சமமாகும். பைத்தானின் ராண்டின்ட் இப்படித்தான் தள்ளி எடுக்கிறது.

எந்தப் பகடை லைப்ரரியைத் திறந்தாலும் நான் முதலில் தேடுவது இந்தத் தள்ளுபடியைத்தான். குறியீட்டைப் படிப்பது எளிது. நேர்மையாக உருட்டுவதுதான் வேலை.