கற்படுக்கையும் தொட்டில் மெத்தையும்

தமிழில் படுக்கையைக் குறிக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. பாயல், சேக்கை, அணை, அமளி, சயனம், பள்ளி என்று அகராதிகள் அடுக்கிக்கொண்டே போகும். இவற்றுள் பள்ளி என்னும் சொல்லின்மீது என்னைப் போன்ற தமிழ்ச் சமணர்களுக்கு உரிமை கொஞ்சம் கூடுதல். படுக்குமிடம் பள்ளி, முனிவர் தங்கிய மலைக்குகையும் பள்ளி, அங்கே பாடம் சொல்லிக்கொடுத்ததால்தான் பிற்காலத்தில் பள்ளிக்கூடம் என்ற பெயரே வந்தது என்பது எங்கள் கட்சி. ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே நடத்தப்போவதில்லை.

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் போனவர்கள் பெரும்பாலும் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. அங்கே பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 படுக்கைகள். தலைப்பக்கம் கல்லிலேயே சற்று மேடு, அதுதான் தலையணை. ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கல்வெட்டும் உண்டு. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் முனிவர்களுக்கு நம்மவர் செய்துகொடுத்த படுக்கை இப்படி: கெட்டியானது, சமமானது, மேலே ஒன்றும் இல்லாதது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பது பஞ்சசயனம். அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் ஆகிய ஐந்தையும் கொண்டு செய்த படுக்கை என்று அகராதி பொருள் சொல்கிறது. ஆண்டாளின் திருப்பாவையிலும் பஞ்சசயனம் வருகிறது. அரசர்க்கும் தெய்வத்துக்கும் உரிய படுக்கை.

பிறந்த குழந்தைக்கு இந்த இரண்டில் எது? கடைக்கு வருகிறவர்கள் எல்லாருமே பஞ்சசயனத்தைத்தான் கேட்கிறார்கள். ஆசையாகப் பெற்ற பிள்ளை, அதற்குக் கெட்டிப் படுக்கையா என்ற எண்ணம். நாற்பது வருஷமாக இந்தத் தலைநகரில் பஞ்சும் மெத்தைத் துணியும் விற்று வயிறு வளர்ப்பவன் நான். என் பதில் வேறு. குழந்தைக்கு வேண்டியது முனிவரின் படுக்கை. அதிலும் அந்தக் கல் தலையணையைக்கூட நீக்கிவிட வேண்டும்.

இப்போதெல்லாம் தொட்டிலுக்கென்று ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு செட் வருகிறது. மெத்தை, தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு திண்டு, தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, ரஜாய், விரிப்பு, கூடவே ஒரு கரடி பொம்மை. வளைகாப்புக்கும் பெயர் சூட்டலுக்கும் பரிசாகக் கொடுக்க வாங்கிப் போகிறார்கள். நானும் விற்கிறேன். ஆனால் பில் போடும்போதே சொல்லிவிடுவேன்: இந்த எட்டு உருப்படியில் குழந்தை தூங்கும்போது தொட்டிலுக்குள் இருக்க வேண்டியவை இரண்டுதான், மெத்தையும் விரிப்பும். அதிலும் மெத்தை கெட்டியாக இருந்தால்தான். மற்றவை முதல் ஒரு வருஷத்துக்கு அலமாரியில் இருக்கட்டும். வியாபாரி இப்படிச் சொல்லலாமா என்று என் மகன் முறைப்பான்.

பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "கையை வச்சா உள்ள போற மாதிரி மெத்தையா குடுங்க நயினாரே. பச்சப் புள்ளைக்கு முதுகு நோகும்ல." நான் சொன்னேன்: "அம்மா, கை உள்ள போற இடத்துல மூக்கும் போயிடும்."

விஷயம் அதுதான். பச்சைக் குழந்தையின் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. அதைத் தூக்கித் திருப்பக் கழுத்துக்கு வலு வர மாதங்கள் ஆகும். மெத்தென்ற பரப்பில் முகம் புதைந்தால் வெளியே விட்ட மூச்சு அங்கேயே குழியில் தங்கிவிடும். குழந்தை அதையே திரும்ப இழுக்கும். நாமாக இருந்தால் திணறி விழித்துத் திரும்பிப் படுப்போம். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு அந்த விழிப்பு வருவதும் நிச்சயமில்லை, வந்தாலும் திரும்ப வலு இல்லை. சத்தமே இருக்காது. தூங்குகிற பிள்ளை தூங்கினபடியே போய்விடுவது இப்படித்தான் பல சமயம் நேர்கிறது. ஒன்றிலிருந்து நான்கு மாதம் வரை அபாயம் அதிகம்; ஒரு வயது வரை கவனம் வேண்டும்.

தலையணை விஷயமும் இதோடு சேர்ந்தது. குழந்தைக்குப் பின்தலை புடைத்திருக்கும், கழுத்து குட்டை. தலைக்கடியில் எதையாவது வைத்தால் முகவாய் நெஞ்சில் போய் முட்டும். மூச்சுக்குழாய் இன்னும் இளசு, மடங்கிவிடும். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வடக்கே கடுகு அடைத்த தலையணை வைப்பார்கள். நம் வீடுகளிலும் இங்கே பார்த்துப் பழகிவிட்டோம். தலை உருண்டையாக அது வேண்டியதில்லை. குழந்தை விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து, பாயில் குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்கு உரியதாகச் செங்கீரைப் பருவம் என்று வைத்தார்களே, குழந்தை கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம்; அந்த ஆட்டத்துக்கு இதுதான் பயிற்சி.

தூங்க வைப்பது மட்டும் மல்லாக்கத்தான். இதில் மேல்நாட்டு மருத்துவர்களே நெடுங்காலம் மாறிச் சொல்லிவந்தார்கள். குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று புத்தகம் எழுதியவர்கள் உண்டு. பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடெங்கும் பிரசாரம் செய்தார்கள். அதன்பிறகு அந்த நாடுகளில் தூக்கத்தில் குழந்தை இறப்பது பெருமளவு குறைந்தது. அமெரிக்காவில் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியானது. மருந்தில்லை, மாத்திரையில்லை, படுக்க வைக்கும் விதம் மாறியது, அவ்வளவே. 2022-இல் அங்கே பஞ்சுத் தடுப்பு விற்பதையே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். நம் கடைத்தெருவில் அது இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

மல்லாக்கப் படுத்தால் கக்கின பால் தொண்டையில் அடைக்காதா என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்வி. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கின பால் மேடேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறக் கிடந்தால்தான் அது தலைகீழாகிறது.

இனி என் தொழில் சங்கதி. இலவம்பஞ்சு நம்மவருக்கு உயிர். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறி வருகிறார்கள். (டில்லிச் சாலைகளில் மாசி, பங்குனியில் சிவப்பாகப் பூக்கும் சேமல் மரம் நம் முள்ளிலவுதான். காத்திருக்கும் கிளிக்கு இங்கேயும் பஞ்சுதான் மிச்சம்.) இலவ இழை உள்ளே கூடாக இருக்கும், காற்று நிறைந்திருக்கும், மேலே மெழுகுப் பூச்சு போல் ஒன்று உண்டு. அதனால் எடையில்லை, தண்ணீரும் ஒட்டாது. மிதவைச் சட்டைகளில் அடைத்ததும் இதனால்தான். பெரியவர்களுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. குழந்தைக்கு ஆகாது. அமுங்கிக் குழி விழும். மூத்திரத்தை உறிஞ்சாமல் ஓட விடும். தையல் பிரிந்தால் தும்பு மூக்கில் ஏறும்.

பருத்தியில், இழை குட்டையாகவும் முரடாகவும் இருக்கும் நாட்டுப் பருத்திதான் மெத்தைக்கு நல்லது. நூற்பதற்குச் சுமார், அடைப்பதற்கு உயர்ந்தது. நன்றாகக் கொட்டி, இறுக்கி அடைத்து, நெருக்கமாகத் தையல் போடச் சொல்ல வேண்டும். மலிவு மெத்தையில் கந்தல் துணியை அரைத்து அடைத்திருப்பார்கள். ஓரத் தையலில் இரண்டு விரல் விட்டுப் பிரித்துப் பார்த்தால் பல வர்ண நூல் தெரியும், வேண்டாம். என்னைக் கேட்டால், தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்த நார் மெத்தை, 4 அங்குல கனத்தில், தொட்டிலுக்கு முதல் தரம். ஃபோம் வாங்குவதானால் கடைக்காரர் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று எண் சொல்வார். அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். உழைப்பைக் காட்டும் எண்ணே தவிர கெட்டியைக் காட்டுவதல்ல. கெட்டியைக் கையால்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையை நடுவில் அழுத்தி எடுங்கள். கையின் அச்சு நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். உடனே சமமானால் வாங்கலாம். மெமரி ஃபோம் என்று விலை உயர்ந்த சரக்கு அச்சு நிற்பதையே பெருமையாகச் சொல்லும். அது குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது அளவு. மெத்தையைத் தொட்டிலுக்குள் போட்டதும் நாலு பக்கமும் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை சிறியது. அந்தச் சந்தில்தான் குழந்தையின் முகம் போய்ச் சிக்கும். சந்தில் துணியைத் திணித்து அடைப்பது பரிகாரமல்ல, வேறு மெத்தைதான் பரிகாரம். தொட்டில் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்பானத் தகர டப்பா உள்ளே நுழைந்தால் தொட்டில் ஆகாது. மூத்தவனுக்கு வாங்கியது, சிற்றப்பா வீட்டிலிருந்து வந்தது என்று பழைய தொட்டில்கள் நம்மிடையே கைமாறும். பக்கப் பலகை மேலும் கீழும் இறங்கும் மாதிரியானால், கொக்கி கழன்று பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தை சிக்கும். அமெரிக்காவில் 2011-இல் அந்த மாதிரியையே நிறுத்திவிட்டார்கள்.

விரிப்பை வீட்டிலேயே தைக்கலாம். 48-க்கு 24 அங்குலம், 4 அங்குல கனம் உள்ள மெத்தைக்கு 64-க்கு 40 அங்குலத் துணி வேண்டும். நாலு மூலையிலும் 8 அங்குலச் சதுரம் வெட்டி நீக்கி, வெட்டின விளிம்புகளைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கொடுத்தால் மெத்தைக்கு அடியில் 4 அங்குலம் மடிந்து இறுகப் பிடிக்கும். கேம்பிரிக் அல்லது பாப்ளின் போதும். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும். சுருங்கின விரிப்பு மூலையில் கழன்று சுருண்டு முகத்தின்மேல் வரும். ரப்பர் ஷீட் போடுவதானால் விரிப்புக்கு அடியில், இழுத்துச் செருகி. நம் தாத்தாவின் பழைய வேட்டி, ஐம்பது தடவை வெளுத்தது, அதைவிட நல்ல விரிப்புத் துணி மில்லில் நெய்ததில்லை. ஆனால் சும்மா மேலே போடாமல், தைத்துப் போடவும்.

தூளியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். புடவைத் தூளியில் வளராதவர் நம்மில் யார்? குழந்தை அதில் அமைதியாகிறது, உண்மை. ஆனால் தூளி வளைகிறது; முதுகு வில்லாகி முகவாய் நெஞ்சில் படுகிறது; துணி இருபுறமும் மூடிக்கொள்கிறது. குறுக்குக் கட்டை கொடுத்து விரித்து வைத்து, பக்கத்திலேயே ஆள் இருந்து, பகலில் ஆட்டித் தூங்கவைத்துப் பிறகு எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கப் போடுங்கள். இரவு முழுக்கத் தூளியில் விட வேண்டாம். வேலை முடிந்ததும் தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்தி ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது.

நம்மூரில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே குளிர். ஊரில் மார்கழிக்கு ஒரு போர்வை போதும். இங்கே ஜனவரி ராத்திரியில் 3, 4 டிகிரிக்கு இறங்கும். இரண்டு கிலோ பஞ்சு அடைத்த ரஜாயைத் தாய் தன்மேல் இழுத்துப் போடும்போது அது குழந்தை மேலும் வந்து விழுகிறது. அதனால் குழந்தைக்கு மெத்தை தனி, ஆனால் அறை ஒன்றே. தாயின் கட்டிலை ஒட்டித் தொட்டில் இருக்கட்டும், கை எட்டட்டும். இடமில்லாத வீட்டில் தரையில் பாயும் மெல்லிய மெத்தையும் போட்டு, தலையணையும் ரஜாயும் எட்டாமல் பிள்ளையைப் படுக்க வையுங்கள். சோபாவில் நெஞ்சோடு அணைத்துத் தூங்கிவிடுவது எல்லாவற்றையும்விட அபாயம்.

போர்வைக்குப் பதில் கையில்லாத பை ஒன்று தைத்துப் போடலாம். தோளிலிருந்து பாதம் வரை அளந்து, மேலே 8 அங்குலம் விட்டு, கீழே மூடி, கால் மடக்கி நீட்ட அகலமாக. கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் போகலாம், தலை உள்ளே நழுவக் கூடாது. உள்ளே பருத்தி, வெளியே ஃப்ளானல். நடுவில் பஞ்சு வேண்டாம். தூங்கும்போது குல்லாவைக் கழற்றுங்கள், குழந்தை தலைவழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. கை கால் சில்லென்று இருப்பது கணக்கில்லை. நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு சட்டையைக் குறைக்க வேண்டும். கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர்காலந்தோறும் வடக்கே குடும்பத்தோடு போனவர்களைப் பற்றிப் படிக்கிறோம்.

கழுத்தில் கட்டின தாயத்துக் கயிறும் கறுப்புக் கயிறும் தூக்கத்தில் முறுக்கிக்கொள்ளும். திருஷ்டிக்கு அரைஞாண் போதும், மனசு கேட்காவிட்டால் கன்னத்தில் பொட்டு. கொசுவலை வேண்டும், டெங்கு ஊர் இது. ஆனால் தொய்யாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

எங்கள் முனிவர்கள் படுக்கும் முன் மயிற்பீலியால் இடத்தைத் துடைத்துப் பார்ப்பார்கள், சிற்றுயிர் எதுவும் நசுங்கிவிடக் கூடாதென்று. தொட்டிலையும் தினம் அப்படித் தடவிப் பார்ப்பது நல்லது: கழன்ற பொத்தான், ஊக்கு, எறும்பு, அக்கா போட்ட பொம்மை, மறந்த துண்டு. மெத்தையை மாதம் இருமுறை மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டி, புரட்டிப் போடுங்கள். இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டால் அதை ஊஞ்சல் பலகைக்குத் திண்டாக்கிக்கொள்ளலாம். அடுத்த குழந்தைக்குப் புதிது வாங்குங்கள்; என் கடையில்தான் என்றில்லை.