மொட்டை மாடி சேர் ஏன் படக்குனு உடையுது? பிளாஸ்டிக்கை கலந்தால் வெயில் தாங்குமா?

மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த பிளாஸ்டிக் சேர். பார்க்க நல்லாத்தான் இருக்கும். உட்கார்ந்ததும் கால் படக்கென்று உடைந்துவிடும். காரணம் உட்கார்ந்தவரின் எடை மட்டுமல்ல, வெயிலும்தான்.

வெயில் என்ன செய்கிறது?

பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து இந்தச் சங்கிலிகளை அறுக்கின்றன. நிறம் வெளுக்கும், மேற்பரப்பு மாவு போல உதிரும், மெல்லிய விரிசல் விழும். சேர்களில் அதிகம் பயன்படும் பாலிபுரொப்பிலீன், பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காவிட்டால் சீக்கிரமே பாதிக்கப்படும்.

கலந்தால் உறுதி கூடுமா?

வெயில் தாங்கும் பிளாஸ்டிக் பாதி, தாங்காதது பாதி கலந்தால் நடுத்தரமாக வரும் என்று தோன்றலாம். ஆனால், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பல பிளாஸ்டிக்குகள் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றோடொன்று சேராது. கலவைக்குள் தனித்தனித் திட்டுகளாகவே நிற்கும். பலவீனமான திட்டு முதலில் சிதைய, விரிசல் அங்கிருந்து பரவும்.

கார் டேஷ்போர்டு சொல்லும் பாடம்

கார் டேஷ்போர்டு பாகங்களில் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்-ஸும் கலந்த பிளாஸ்டிக் பயன்படுகிறது. அடி தாங்கும். ஆனால் ஏபிஎஸ்-ஸில் உள்ள பியூட்டாடையீன் ரப்பர் வெயிலுக்கு எளிதில் இரையாகும். அதனால் சைடு மிரர் மூடி போன்ற வெளிப்புற பாகங்களுக்கு, அந்த ரப்பருக்குப் பதில் அக்ரிலேட் ரப்பர் உள்ள ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் பயன்படுத்தப்படுகிறது. சரியான ஜோடி அமைந்தால் கலவையும் ஜெயிக்கும். கட்டடங்களின் வெளிப்புற அலுமினியத் தகடுகளில் பூசப்படும் பிவிடிஎஃப் - அக்ரிலிக் கலவை (70:30) இதற்கு நல்ல உதாரணம்.

பழைய பிளாஸ்டிக் கலந்தால்?

ஏற்கெனவே வெயில்பட்ட பிளாஸ்டிக்கில் சிதைவு தொடங்கியிருக்கும். புதிதாகப் பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காமல் அதைக் கலந்தால், புதிய பொருளும் சீக்கிரம் கெடும். மறுசுழற்சி பிளாஸ்டிக் எல்லாமே மோசம் என்று அர்த்தமில்லை.

கறுப்பு டேங்க் ரகசியம்

கறுப்பு தண்ணீர் டேங்க், பைப்களில் சுமார் 2 முதல் 3 சதவீதம் நுண்ணிய கரித்தூள் கலக்கப்படுகிறது. இது புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி, உள்ளே இறங்காமல் தடுக்கிறது.

என்ன கவனிக்க வேண்டும்?

சேரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினாலோ, கால் இணையும் இடத்தில் விரிசல் தெரிந்தாலோ பெரியவர்களை அதில் உட்கார வைக்காதீர்கள். ஃபேன் துடைக்க அதன் மேல் ஏறவே ஏறாதீர்கள்!