கரண்டு பில் யார் பெயரில் வருகிறது?

பரம ஏழைக் குடும்பங்களின் மின்சாரக் கட்டணத்தில் மாதம் 40 வெள்ளி வரை அரசாங்கம் கழித்துக்கொடுக்கிறது. பிள்ளைகள் அனுப்புவதையும் சமூகநல இலாகா தருவதையும் வைத்துக் காலம் தள்ளும் ஒரு முதியவருக்கு அந்த 40 வெள்ளி ஒரு மாதத்து அரிசி. ஆனால் ஈப்போவின் மலிவு விலை வீடுகளிலும், சுங்கை சிப்புட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலும், தகுதி இருந்தும் இதை வாங்காமல் முழு பில்லையும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களையும் இரண்டு இடங்களில் பெயர் இல்லாமல் போவது தடுத்துவிடுகிறது.

முன்பு யார் பெயரையும் கேட்கவில்லை. 2008 அக்டோபரிலிருந்து, மாத பில் 20 வெள்ளிக்குள் இருந்தால் எந்த வீடும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பணக்காரருக்கும் அதே கணக்கு, ஏழைக்கும் அதே கணக்கு. 2019 ஜனவரியில் முறை மாறியது. உதவி 40 வெள்ளியாக உயர்ந்தது. ஆனால் இ-காசே பட்டியலில் உள்ள ஏழைகளுக்கு மட்டும் என்றானது. பிறகு அதுவும் சுருங்கி, பரம ஏழைகளுக்கு என்று நின்றது. 2024 பட்ஜெட்டில் இதற்கு 5 கோடியே 50 லட்சம் வெள்ளி ஒதுக்கினார்கள். பணம் வசதியுள்ளவர்களுக்குப் போகாமல் ஏழைக்குப் போவது சரிதான். ஆனால் பட்டியலில் ஏறுவது எப்படி என்பதைத் தோட்டத்து வாசல் வரை வந்து சொன்னவர்கள் குறைவு.

இ-காசே என்பது பிரதமர் துறையின் கீழுள்ள செயலாக்க ஒருங்கிணைப்புப் பிரிவு பராமரிக்கும் வறுமைப் பதிவேடு. குடும்பத் தலைவர் தம் அடையாள அட்டையுடன் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கிந்தா மாவட்டத்துக்கு அது பத்து காஜாவில்; சுங்கை சிப்புட் மக்களுக்குக் கோலகங்சார். வீட்டில் உள்ள எல்லாருடைய வருமானத்தையும் விசாரித்து, மாவட்ட அளவிலான குழு கூடித்தான் பெயரைச் சேர்க்கும். வயிற்றுக்கே பற்றாத வருமானம் உள்ள குடும்பம்தான் பரம ஏழை. 2022-ல் நாட்டின் சராசரி உணவு வறுமைக் கோடு மாதம் 1,198 வெள்ளி. மாநிலத்துக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்ப இது மாறும். அதனால் கோட்டுக்கு மேலே இருக்கிறோமோ என்று நீங்களே முடிவு கட்டி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். விண்ணப்பம் கொடுங்கள்.

இங்கே ஒரு சிக்கலை அடிக்கடி பார்க்கலாம். கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட மகனின் சம்பளமும் இன்னும் தாயின் குடும்பக் கணக்கில் நிற்கும். மகன் கல்யாணம் செய்து தனிக்குடித்தனம் போயிருப்பார். பதிவேட்டில் மட்டும் இன்னும் ஒரே வீடு. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்பதை இ-காசே இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் நிமிட நேர வேலை.

இரண்டாவது இடம், தெனாகா நேஷனல் கணக்கு. தோட்டத்து வீடு ஒருநாளும் தொழிலாளியின் பெயரில் இருந்ததில்லை. லயம் நிர்வாகத்துடையது, நிலம் நிர்வாகத்துடையது. ஒரு காலத்தில் கரண்டும் நிர்வாகத்துடையதாக இருந்தது: பல தோட்டங்களில் சாயங்காலம் எஞ்சின் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள். பிறகு கம்பி வந்தது, மீட்டர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் விற்கப்பட்டுத் தாமான்கள் ஆயின. மீட்டர் மட்டும் பழைய கிராணியின் பெயரிலோ, இறந்துபோன கணவரின் பெயரிலோ, எப்போதோ குடியிருந்தவரின் பெயரிலோ அப்படியே தொடர்கிறது. ஈப்போ பிளாட்டுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே கதை. பில் வீட்டுக்காரர் பெயரில் வரும், காசு கட்டுவது குடியிருப்பவர்.

இப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்கள் கெடாய் தெனாகா கிளைக்கு நேரில் போவதே நல்லது. அடையாள அட்டை, கடைசி பில், வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரர் தரும் அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கணக்கைப் பெயர் மாற்றுவது ஒரு வழி. அதற்கு முன்பணம் கேட்பார்கள், ஏறக்குறைய இரண்டு மாத பில் அளவுக்கு. அது கையில் இல்லையென்றால், பெயர் மாற்றாமலேயே இந்தக் கணக்கோடு இ-காசே கழிவை இணைக்க என்ன படிவம் என்று கேளுங்கள். குடியேறும் அன்றே மீட்டர் காட்டும் அளவைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், பழைய ஆளின் பாக்கி உங்கள் தலையில் விழும்போது வாதாட ஆதாரம் இருக்கும்.

இன்னும் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு சட்டமும் துணை நிற்கிறது: 446-ஆம் சட்டம், 1990. தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகவும், போதிய மின்சார வசதியையும் முதலாளி செய்து தர வேண்டும் என்கிறது அது. மின்சாரம் இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நிர்வாகம் ஒரே மீட்டர் வைத்துச் சம்பளத்தில் பிடித்தால், எத்தனை யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்கலாம். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

இனி பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய கட்டண முறை வந்திருக்கிறது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சக்தி, கொள்ளளவு, கம்பி வலை மூன்றுக்கும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 காசு. பார்த்தவுடன் பயம் வரும். கீழே சிக்கனப் பயன்பாட்டு ஊக்கத்தொகை என்று ஒரு வரி இருக்கும். மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு அதில் கழிந்துவிடும். மிச்சம் 19.43 காசு. 200 யூனிட்டுக்கு 38 வெள்ளி 86 காசு.

இந்த எண்ணைப் பாருங்கள்: 40 வெள்ளிக் கழிவுக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது. ஒரு ஐஸ் பெட்டி, இரண்டு காற்றாடி, விளக்குகள், டிவி, சோறு வேகவைக்கும் குக்கர் என்று இருக்கும் லய வீடு 200 யூனிட்டுக்குள் நிற்க முடியும். இ-காசேயில் பரம ஏழை என்று பெயர் இருந்து, கணக்கோடு கழிவும் இணைந்திருந்தால் அந்த வீடு ஒரு காசும் கட்ட வேண்டியிருக்காது. பில் 28 வெள்ளி என்றால் 28 வெள்ளிதான் கழியும். மிச்சம் கையில் வராது. அதே வீட்டில் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு ஏர்கோன் மாட்டி, இரவெல்லாம் ஓட்டிப் பயன்பாடு 380 யூனிட் ஆகிவிட்டால், ஊக்கத்தொகை 17 காசாக இறங்கிவிடும். இறங்கிய விகிதம் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் பொருந்தும். பில் 104 வெள்ளியைத் தாண்டும், இதர சேர்க்கைகள் இல்லாமலேயே. கழிவு அப்போதும் 40-தான். 600 யூனிட்டுக்குள் இருக்கும் வரை 10 வெள்ளி மாதக் கட்டணமும், எரிபொருள் விலைக்கேற்ற மாதாந்திரச் சரிக்கட்டலும் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பில் திடீரென்று ஏறினால், மீட்டரை நேரில் பார்த்து எழுதினார்களா, உத்தேசமாகப் போட்டார்களா என்று பாருங்கள். பில்லிலேயே குறிப்பு இருக்கும். பாக்கி சேர்ந்துவிட்டால் துண்டிப்பு நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் போய்த் தவணை கேளுங்கள். தெனாகாவின் பதில் திருப்தியில்லை என்றால் மேலே எரிசக்தி ஆணையம் இருக்கிறது. பில்லைக் குறைத்துத் தருகிறேன் என்று மீட்டரில் கைவைக்க வரும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது குற்றம். கரண்டை வெட்டுவதோடு, இழந்த தொகை என்று ஆயிரக்கணக்கில் பின்தேதியிட்டு வசூலிக்கும் உரிமை தெனாகாவுக்கு உண்டு. கட்டுவது அந்த ஆள் அல்ல, நீங்கள்.

கழிவு வாங்கித் தருகிறோம், இந்த லிங்கை அமுக்குங்கள் என்று வாட்ஸ்ஆப்பில் வருபவர்களும் அதே ரகம். 40 வெள்ளி பில்லில் தானாகக் கழியும். அதற்கு வங்கிக் கணக்கு எண்ணோ டிஏசி எண்ணோ தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எனக்குப் பெரிய வேதனை, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளைப் பற்றித்தான். ஆயுள் முழுக்கப் பால் மரம் சீவியவர்கள், இங்கேயே பிறந்தவர்கள்கூட அவர்களில் உண்டு. இ-காசே குடிமக்களுக்கான பதிவேடு என்பதால் எவ்வளவு ஏழையானாலும் அவர்கள் பெயரில் அதில் இடமில்லை. இந்த விதியை மாற்ற வேண்டும். மாறும்வரை, அதே வீட்டில் குடியுரிமை உள்ள கணவரோ மனைவியோ பிள்ளையோ இருந்தால், அவரைக் குடும்பத் தலைவராக வைத்து விண்ணப்பிக்க முடியுமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தனியாக இருப்பவர் என்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். கரண்டு பில்லோடு, அவருடைய குடியுரிமை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.