காசு கொடுத்தவருக்கே பூட்டு

கணினி விளையாட்டுகளைப் படியெடுத்துப் பரப்புவதைத் தடுப்பதற்காக அவற்றோடு இணைத்தே விற்கப்படும் நகல் தடுப்பு முறைகள் நாற்பது ஆண்டுகளில் பல வடிவங்களை எடுத்துவிட்டன. ஆயினும் அவற்றால் அல்லற்படுபவர் முழு விலை கொடுத்து வாங்கியவரே அன்றி, பூட்டு உடைக்கப்பட்ட திருட்டு நகலை வைத்திருப்பவர் அல்லர் என்ற நிலை மட்டும் மாறவில்லை.

1985-இல் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வெளிவந்த ‘எலைட்’ விளையாட்டுடன் லென்ஸ்லாக் எனப்பட்ட மடக்கு பிளாஸ்டிக் வில்லை ஒன்று தரப்பட்டது. திரையில் சிதைந்து தெரியும் இரண்டு எழுத்துகளை அந்த வில்லையின் வழியே பார்த்துத் தட்டச்சு செய்தால்தான் விளையாட்டு தொடங்கும். எழுத்துகளின் அளவு வில்லையின் அகலத்தோடு பொருந்த வேண்டியிருந்ததால், மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அது உதவவில்லை. சில பெட்டிகளில் வேறொரு விளையாட்டுக்குரிய வில்லை தவறுதலாக வைக்கப்பட்டதால், அவற்றை வாங்கியவர்கள் தொடக்கத் திரையைக்கூடத் தாண்ட முடியவில்லை.

குறுந்தகடுகளின் காலத்தில் இதே சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது. சேஃப்டிஸ்க் போன்ற முறைகள், சாதாரண சிடி ரைட்டரால் சரியாகப் படியெடுக்க முடியாத பகுதிகளைத் தகட்டில் பதித்துவைத்து, அவை இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தன. இந்தச் சோதனைக்கு டிரைவர் ஒன்று தேவைப்பட்டது. டிரைவர் என்பது இயங்குதளத்தின் மையத்தில், பிற நிரல்களுக்கு இல்லாத அதிகாரத்தோடு இயங்கும் சிறு நிரலாகும். அத்தகைய அதிகாரம் பெற்ற நிரலில் ஓட்டை இருந்தால் கணினி முழுவதுமே அயலார் கைக்குப் போகும் என்பதை, 2007-இல் இந்த டிரைவரில் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு உணர்த்தியது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்காமல் விலக்கியது. பாதுகாப்பு நோக்கில் அது நியாயமான முடிவே. ஆனால் அதன் விளைவாக, கீறலின்றிப் பேணப்பட்ட அசல் தகட்டைச் செருகினாலும், தகடு சுழலும் ஓசை கேட்ட பின் விளையாட்டு பல வேளைகளில் காரணம் எதையும் சொல்லாமலே நின்றுவிடுகிறது. புதிய பதிப்பு வெளிவராத விளையாட்டை அசல் தகட்டிலிருந்து ஓட்ட விரும்புபவர், பூட்டை நீக்கும் ‘கிராக்’ கோப்பையே தேடிப்போக வேண்டியிருக்கிறது. அதாவது, எந்தத் திருட்டைத் தடுக்கப் பூட்டு போடப்பட்டதோ அந்தத் திருட்டுக்காக உருவான கருவியே இன்று அசலைக் காப்பாற்றுகிறது. பண்பாட்டு ஆவணம் ஒன்றின் எதிர்காலம் இப்படி அமைவது கவலைக்குரியது.

இணையவழிச் சரிபார்ப்பு அடுத்த கட்டம். 2008-இல் வெளியான ‘ஸ்போர்’ முதலில் மூன்று முறை மட்டுமே ஆக்டிவேஷன் செய்ய, அதாவது கணினியில் பதிவுசெய்து இயக்க, அனுமதித்தது. எதிர்ப்பு வலுத்தபின் அது ஐந்தாயிற்று. 2013 மார்ச்சில் வந்த ‘சிம்சிட்டி’, தனியே அமர்ந்து நகரம் கட்டுபவருக்கும் இடையறாத இணைய இணைப்பைக் கட்டாயமாக்கியதால், வெளியான முதல் நாள்களிலேயே சர்வர்கள் திணறி, வாங்கியவர்கள் நெடுநேரம் வரிசையில் காத்திருந்தனர். சுமையைக் குறைக்க, விளையாட்டின் மிக வேகமான ஓட்டமுறையே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இணைப்பின்றி ஆட முடியாது என்று சொல்லப்பட்ட அதே விளையாட்டுக்கு, ஓராண்டு கழித்து இணைப்பில்லா முறை வழங்கப்பட்டது.

விற்பனையின் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் நடப்பதால், அந்த வாரங்களில் பூட்டு உடையாமல் இருந்தால்தான் முதலீடு மீளும் என்பது வெளியீட்டாளர் தரப்பின் வாதம். அப்படியானால் அந்த வாரங்கள் கடந்த பின் பூட்டை அகற்றிவிடலாம். சிலர் அவ்வாறு அகற்றியும் வருகின்றனர். அகற்றப்படாதவையே அச்சம் தருகின்றன. 2014 டிசம்பரில் வெளியான ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டதும், அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்த அதன் நிலப்பரப்பில் தனியாகக்கூட எவரும் வண்டி ஓட்ட முடியாமற் போனது.

சட்டம் ஓரளவே கைகொடுக்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பொதுவாகத் தடைசெய்ததால், சரிபார்க்கும் சர்வர் கைவிடப்பட்ட விளையாட்டுகளுக்கு 2015-இல் தனி விதிவிலக்கு தேவைப்பட்டது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே ஈராண்டு வரை சிறை என்கிறது. காசு கொடுத்து வாங்கியதை ஓட்ட முயல்பவருக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் உடைக்கும் உரிமை தகட்டுப் பூட்டுக்குத்தான் போதும். விளையாட்டின் பாதி சர்வரில் இருக்கும்போது, வாங்கியவர் கையில் உடைப்பதற்கே ஒன்றும் இல்லை. சேவையை நிறுத்தினாலும் விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்று கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில், 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டது இதனால்தான்.